சாக்பீஸ் கோட்டுக்குள்

காலை ஆறு நாற்பதுக்கு முதல் பேருந்து போய்விடும். அடுத்தது ஏழு ஐந்துக்கு. இடையில் இருபத்தைந்து நிமிடம், குடியிருப்புக்குப் பின்னால் போகும் சாலையில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

அவன் சைக்கிளில் முன்னால் போனான். மனைவி இருபதடி விட்டுத் தன் சைக்கிளில் பின்னால் போனாள். ஒரு கையை விட்டு விரல்களைத் தூக்கிக் காட்டினாள். அவன் கைப்பிடியில் பொருத்திய கண்ணாடியில் பார்த்து, எத்தனை விரல், அவள் கிட்டவா தூரமா என்று சொல்ல வேண்டும்.

“மூணு.”

“சரி.”

“தூரம்.”

“சரி.”

அது முதல் நாள். சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவன் கழுத்து திரும்பாது. மண்டையோட்டின் அடியில் தொடங்கி நான்கு எலும்புகளைச் சேர்த்துக் கம்பி வைத்துத் திருகியிருந்தார்கள். ஏழு மாதத்துக்கு முன் ஒரு கார் பின்னாலிருந்து வந்து இடித்தது. சைக்கிள் ஓட்டலாம், விழக் கூடாது என்றார் மருத்துவர். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு திரும்ப வேண்டும். முதல் மாதம் அவனே அதைக் கேலி செய்தான். பீரோ வருது வழி விடு என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் வருவான். மூன்றாம் மாதம் கேலி நின்றது. ஐந்தாம் மாதம் சமையலறைக்கு வருவது நின்றது. நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வரும்போது அது சுவரைப் பார்த்து இருக்கும்.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை. எந்த விரிப்பு எந்த வார்டிலிருந்து வந்தது என்று துவைத்த பிறகும் சொல்லிவிடுவாள்.

ஆறாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய வேலை ஷூவைத் துடைக்க எடுத்தாள். இடது ஷூவுக்குள் காகிதத்தில் மடித்து மாத்திரைகள் இருந்தன. வலிக்குக் கொடுத்தவை. தினமும் சாப்பிட்டேன் என்று அவன் சொன்னவை. கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஷூவைத் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று முதல் மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, அவன் விழுங்கும்வரை எதிரில் நின்றாள்.

அந்த வாரமே அவன் வேலையிடத்துக்கு, விசில் என்பவரைப் பார்க்கப் போனாள்.

அவன் வேலை செய்தது ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, பெட்டியை முதுகில் மாட்டி, சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மொத்தம் பதினாறு பேர். அவர்களுக்கு மேற்பார்வையாளர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்குவதால் அந்தப் பெயர். அங்கே ஒரு விதி உண்டு. திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலாக ஒரு முறை முழுதாகப் பின்னால் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை விசில் ஸ்கூட்டரில் பின்னால் வந்து ஊதுவார். ஊதியதும் பின்னால் என்ன வருகிறது, கிட்டவா தூரமா என்று உரக்கச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவனுக்குச் சைக்கிள் கிடையாது. கண்ணாடி வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் வைத்தவனை மற்றவர்கள் கல்யாணப்பொண்ணு என்று கூப்பிடுவார்கள். அதனால் ஒருவரும் வைக்கவில்லை.

நிலவறையில் பெட்டி கழுவும் வேலை காலியாக இருக்கிறது என்றார் விசில். உடனே போட்டுத் தரலாம். சோதனையே வேண்டாம். அவள் தலையாட்டவில்லை. ஜன்னல் இல்லாத இடத்தில் அவனை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை ஷூவைப் பற்றிச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். சைக்கிள்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவர் வெகுநேரம் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கண்ணாடி வச்சுக்கட்டும் தங்கச்சி. ஆனா ஊதினா சொல்லணும். அதுல நான் கை வைக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டான். நாற்பத்தாறு வயதில் கல்யாணப்பொண்ணா என்றான். நான்கு மாதத்தில் அவன் சொன்ன முதல் கேலி அது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சைக்கிள் கடைக்காரரைப் பம்பு என்பார்கள். காற்றும் பேச்சும் அவரிடம் இலவசம். மூன்று கண்ணாடிகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

முதலாவது கைப்பிடியின் நுனியில் செருகுவது. வட்டமானது, வெளிப்பக்கம் குவிந்தது. சாலை முழுவதும் அதற்குள் அடங்கியது. எதிர்ச்சாரிக் கடைகளும் வானமும்கூடத் தெரிந்தன. கார்கள் தீப்பெட்டி போலத் தெரிந்தன.

“இதுல கார் ஒரு தெரு தள்ளி வர்ற மாதிரி இருக்கும். ஆனா உங்க முதுகுல இருக்கும். பழகினா கணக்குப் புடிபட்டுடும்,” என்றார் பம்பு.

அவன் அதைக் கையில் வாங்கவே இல்லை.

இரண்டாவது விரல் நகம் அளவு. மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் மாட்டுவது. சாலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஆடாது, கண்ணை லேசாக உருட்டினால் போதும் என்றார். தன் முகத்தில் மாட்டிக் காட்டினார். தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்தால் பின்பக்கம் மொத்தமும் தெரியும் என்று அசைத்துக் காட்டினார். பாதியில் நிறுத்தினார்.

“கழுத்து வாடகைக்குக் கிடைக்குமா அண்ணே?” என்றான் அவன்.

பம்பு அதைக் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டார்.

மூன்றாவது உள்ளங்கை அளவு, தட்டையானது. நீளமான கம்பியின் முனையில் இருந்தது. உள்ளதை உள்ள அளவில் காட்டும், ஆனால் கொஞ்சத்தைத்தான் காட்டும் என்றார். அதை வலப்பக்கக் கைப்பிடியில் முடுக்கினார். அதிராமல் இருக்கப் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பிடிக்கு அடியில் சுற்றினார். கண்ணாடியில் முதலில் அவனுடைய முழங்கைதான் தெரிந்தது. கம்பியை இன்னும் வெளியே தள்ளினார். முழங்கை போய்ச் சாலை வந்தது.

ஒரு பார்வை என்பது கண் சிமிட்டும் நேரம்தான், அதற்கு மேல் பார்த்தால் முன்னால் போகிறவன் மேல் ஏறிவிடுவாய் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்றார். இடுப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் பெரிதாகிப் பெரிதாகி ஒரு நொடியில் காணாமல் போகும். அப்போது அது அந்த இடத்தில்தான் இருக்கிறது.

“உள்ள போனது வெளிய வர்ற வரைக்கும் திரும்பாதீங்க. அவ்வளவுதான் வித்தை.”

மறுநாள் கட்டடத்தின் பின்முற்றத்தில் அந்த இடத்தைத் தேடினார்கள். அவன் சைக்கிளில் ஏறி, இடது கையைச் சுவரில் ஊன்றி, அசையாமல் உட்கார்ந்தான். அவள் பின்னால் நடந்தாள். தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றான். ஓரடி முன்னால் வைத்தாள். தெரிகிறது. இன்னும் ஓரடி. காணோம் என்றான். அவள் குனிந்து அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். இப்படிப் பன்னிரண்டு புள்ளிகள். பிறகு அவற்றை ஒரே கோட்டால் சேர்த்தாள். அவன் இடுப்பருகே தொடங்கி வலப்பக்கமாக அகன்று பின்சக்கரத்தையும் தாண்டிப் போனது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அதற்குள் ஒரு மோட்டார் பைக் தாராளமாக நிற்கும்.

அவனால் திரும்பி அதைப் பார்க்க முடியாது. எவ்வளவு பெரிசு என்று கேட்டான்.

“கொஞ்சம்தான்,” என்றாள்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் அவள் கொஞ்சம் கிட்டே வந்து இரண்டு விரலைக் காட்டினாள். அவன் நாலு என்றான்.

“சரி,” என்றாள்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. அவன் தோள்கள் இரண்டும் ஒரு விரற்கடை கீழே இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தாள். ஏழு மாதமாக அந்தத் தோள்கள் காதருகே நின்றிருந்தன. அன்று வேலையிலிருந்து வந்தபோது நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். பீரோவுக்கு இன்னொரு கத்தி கொடு என்றான்.

நான்காம் நாள் ஒரு தப்பு. ஐந்தாம் நாள் இரண்டு. எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சோதனைக்குள் தேறிவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தப்பு என்று ஒரு தடவை சொன்னால் நாற்காலி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிக்கும்போது விரல்கள் தாமாக இரண்டு, நாலு என்று விரிந்தன. கூட மடிப்பவள், யாருக்கு டாட்டா காட்டுகிறாய் என்று கேட்டாள்.

ஆறாம் நாள், தூரம் அதிகமோ என்று நினைத்து, வேகமாக மிதித்து அவனை நெருங்கினாள். எட்டடி இருக்கும். அவ்வளவு கிட்டே அதுவரை போனதில்லை. கண்ணாடிக்குள் அவன் முகம் தெரிந்தது. நெற்றி, மூக்கின் மேல்பாதி, கண்கள்.

கண்கள் மூடியிருந்தன.

அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

“ரெண்டு,” என்றான் அவன்.

அவள் பின்தங்கினாள். கண்ணாடியில் கண்கள் திறந்தன. மறுபடி நெருங்கினாள். அவள் டயரின் சத்தம் அவன் காதுக்கு எட்டியதும் இமைகள் இறங்கின. குழந்தையின் கண்ணுக்கு எதிரில் கையை வீசினால் மூடிக்கொள்ளுமே, அப்படி. ஐந்து தடவை செய்து பார்த்தாள். ஐந்து தடவையும் மூடின. பின்னால் ஒன்று வருகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில்தான் அவன் பார்க்கவில்லை. தூரத்தில் இருந்தால் பார்த்தான். அது கிட்டே வந்தால் எண்ணை ஊகித்துச் சொன்னான். அவள் சரி என்றதால், பார்த்துத்தான் சொல்கிறோம் என்று நம்பினான்.

வீட்டுக்கு வந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கண்ணாடியைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறதா என்று மெல்லக் கேட்டாள்.

“என்ன பயம்? எல்லாம் சரியாத்தானே சொல்றேன்?”

அவன் முகம் தெளிவாக இருந்தது. ஷூவைத் தானே துடைத்து வாசலில் வைத்திருந்தான். அவள் அவனறியாமல் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். காலியாக இருந்தது.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் சொல்லிவிட வேண்டும் என்றே சைக்கிளை எடுத்தாள். சொல்லாமலே திரும்பினாள். சொன்னால் ஆபத்து வீட்டுக்குள். சொல்லாவிட்டால் சாலையில். சலவைக்கூடத்தில் விபத்து வார்டின் விரிப்புகள் வந்தன. மடிக்க முடியாமல் பக்கத்திலிருந்த வேறு வார்டு மூட்டையை இழுத்துக்கொண்டாள்.

அவள் நம்பியது விசிலைத்தான். அவர் ஊதுவார். இவன் தப்பாகச் சொல்வான். அவர் கிடையாது என்பார். அந்த வார்த்தையை அவள் சொல்ல வேண்டியிராது.

சோதனை காலை பத்து மணிக்கு. பரிசோதனைக்கூடத்தைச் சுற்றி நான்கு தெருக்கள். அவளைத் திருப்பத்தில் நிற்க விட்டார்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற சைக்கிள்காரர்கள் கல்யாணப்பொண்ணுக்கு மாப்பிள்ளை யார் என்று கேட்டார்கள். விசில்தான் பின்னாலேயே வரப்போகிறாரே என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அவன் முதுகில் தட்டப் போய், கம்பி நினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டான்.

அவன் தெருவில் இறங்கினான். விசில் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்.

முதல் ஊதல். “ஸ்கூட்டர், கிட்ட,” என்று அவன் குரல் கேட்டது. அது கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியது.

இரண்டாவது ஊதல் நேர்ச்சாலையில். “ஸ்கூட்டர். பின்னாடி கார், தூரம்.” ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்தது வெள்ளை வேன். அது தூரத்தில் இல்லை.

மூன்றாவது, அவள் நின்ற திருப்பத்துக்கு முன்னால். அவன் வலது கையை நீட்டினான். ஒரு மோட்டார் பைக் விசிலைத் தாண்டி முன்னேறி, அவன் பின்சக்கரத்தருகே வந்து, சாக்பீஸ் கோடு போட்ட அந்த இடத்துக்குள் நுழைந்தது. அது வெளியே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. விசில் ஊதினார்.

“ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிவிட்டு அவன் திரும்பினான்.

பைக்கில் வந்தவன் பிரேக் போட்டான். பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. அவன் முட்டிக்கும் பைக்கின் விளக்குக்கும் ஒரு சாண் இருந்தது. பைக்கில் வந்தவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போனான். அது தனக்குச் சொன்னது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவளைக் கடக்கும்போது நேராகப் பார்த்தபடி சிரித்தான்.

விசில் அவளருகில் ஸ்கூட்டரை நிறுத்தினார். படிவத்தை எடுத்து மடியில் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்ற அவருக்கு நேரமானது.

“வீட்ல பழகறப்ப எப்படிச் சொன்னான்?”

அவள் அவர் கையைப் பார்த்தாள். மூன்று கட்டங்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை போதும்.

“சரியாத்தான் சொன்னார்,” என்றாள்.

அவர் மூன்று கட்டத்திலும் சரி போட்டார்.

“அண்ணே, அந்த பைக்கை நீங்க பாக்கலையா?”

“நீ பாத்தியா?”

இருவரும் சாலையைப் பார்த்தார்கள். அப்புறம் அவர் சொன்னார். அன்றைக்குக் கார் இடித்த நேரத்தில் அவன் போனில் இருந்தது அவர்தான். எங்கே இருக்கிறாய், இன்னும் வரவில்லையா என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் பார்க்காமல் திரும்பினான். இதுவரை அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

“அவனுக்குச் சைக்கிள் இல்லேன்னு என் வாயால எப்படிச் சொல்றது, தங்கச்சி? நீ சொல்லுவேன்னு நெனச்சேன்.”

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை முழுவதும் அவன் பேசினான். பழைய வழிகளைச் சொன்னான். எந்த மருத்துவமனையில் எந்தச் செவிலி குப்பியில் பெயர் ஒட்ட மறப்பாள் என்று சொன்னான். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பொய் சொன்னதற்காக அவன் அவளை மன்னித்துவிடலாம். அதன் பிறகு அவன் எதைப் பார்த்து உட்காருவான் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஆறரைக்கே அவன் தயாராகிவிட்டான். காலிக் குளிர்பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். ஏழு மணிக்கு முதல் மருத்துவமனையில் இருக்க வேண்டும். சைக்கிளில் ஏறி, பழகிய இடத்திலேயே இடது கையைச் சுவரில் ஊன்றினான். கண்ணாடியைத் துணியால் துடைத்தான்.

அவள் கதவருகே நின்றாள்.

“ஒரு தடவை காட்டேன். ராசிக்கு,” என்றான்.

அவள் அவனுக்குப் பின்னால் நடந்தாள். சாக்பீஸ் கோடு மங்கியிருந்தது, ஆனால் அழியவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனாள். கோட்டுக்கு மேல் காலைத் தூக்கி வைத்து உள்ளே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் சுவர்தான் தெரிந்தது. அவன் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. திறந்திருந்தாலும் அவனுக்கு அவள் தெரிய மாட்டாள். தெரியலை என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் சரியான பதில். அதைச் சொன்னால் அவனைப் போக விட்டுவிடலாம்.

இடது கையால் அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. மெதுவாகப் பிடித்தாள். வலது கையைத் தூக்கி இரண்டு விரலை நீட்டினாள்.

சாலையில் ஆறு நாற்பது பேருந்து வரும் சத்தம் கேட்டது. அவன் தோள்கள் காதை நோக்கி ஏறின.

“கண்ணத் திறந்து பாத்துச் சொல்லுங்க,” என்றாள். “எத்தனை விரல்?”